கண்ணாடிக் கடைக்காரருக்கு லேசர்

தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் ஒலியுல்லா பிறர் கண்ணாடியைப் பார்ப்பார். உடைந்த காதோ கழன்ற திருகோ, வாங்கிய கையோடு மூக்குக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொள்வார். அந்த ஒரு சாணுக்குள் அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. கடுகில் பாதி இருக்கும் திருகாணி, அதன் தலையில் ஓடும் பள்ளம், பள்ளத்துக்குள் சேர்ந்திருக்கும் அழுக்கு வரைக்கும் தெரியும். சாணைத் தாண்டிவிட்டால் எல்லாம் மங்கல். வாசலில் நிற்பது ஆளா, மாட்டி வைத்த மழைக்கோட்டா என்று அவரால் சொல்ல முடியாது. "யாருங்க அது? பேரச் சொல்லுங்க, கண்ணாடி மேல இருக்கு" என்பார்.

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஸ்வெட்டர் கடைக்கும் சாக்லேட் கடைக்கும் நடுவே செருகி வைத்தது போல இருக்கிறது அவர் கடை. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் படியில் நிற்க வேண்டும். பார்வையைச் சோதிக்கும் எழுத்துப் பலகையை மாட்ட அங்கே நீளம் போதாது. அதனால் பலகை எதிர்ச்சாரி டீக்கடைச் சுவரில் தொங்குகிறது. வாடிக்கையாளர் இங்கே உட்கார்ந்து, தெருவைத் தாண்டி அதை வாசிக்க வேண்டும். "பஸ்ஸு போயிரட்டும், அப்புறம் படிங்க" என்று நடுவில் நிறுத்துவார். டீ மாஸ்டருக்கு அத்தனை வரியும் மனப்பாடம். வாசிப்பவர் திணறினால் டம்ளரை ஆற்றிக்கொண்டே எடுத்துக் கொடுத்துவிடுவார். பனிமூட்டம் இறங்கிய நாளில் சோதனைக்கு விடுமுறை.

ஆட்களை அவர் மூக்கைக் கொண்டுதான் நினைவில் வைத்திருக்கிறார். பெயர் மறந்துபோகும், ஊர் மறந்துபோகும், மூக்கு மறப்பதில்லை. "கண்ணுக்குக் கண்ணாடின்னு சொல்றதெல்லாம் சும்மாங்க. அது ஒக்காருறது மூக்குல. மூக்கு ஒத்துக்கணும்" என்பது அவர் கட்சி. முதல் தடவை நான் போனபோது என்னை நிதானமாகப் பார்த்துவிட்டு, "ஒங்களுக்கு மூக்கு கொஞ்சம் தாராளம்" என்றார். பாராட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வயது நாற்பத்துநான்கு. பவர் மைனஸ் நாலரை. "ரெண்டு கண்ணுக்கும் சரிசமம். பாகப்பிரிவினையில சண்ட சச்சரவே இல்ல" என்று சிரிப்பார். அந்த மனிதர்தான் போன மழைக்காலத்தில் ஒரு நாள், கண்ணாடியே இல்லாத வாழ்க்கை வேண்டும், லேசர் செய்துகொள்ளப் போகிறேன் என்று அறிவித்தார். அறிவித்த இடம் எதிர்க் கடை. டீ மாஸ்டர் பாலைப் பொங்கவிட்டுவிட்டார்.

காரணம் ஒரு காட்டெருமை.

அன்று விடியுமுன் பள்ளிவாசலுக்குக் கிளம்பியிருக்கிறார். தூறலும் பனிமூட்டமுமாக இருந்தது. கண்ணாடியின் வெளிப்பக்கம் தண்ணீர், உள்பக்கம் ஆவி. துடைத்துத் துடைத்துச் சலித்துப்போய்க் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டார். பழகின சந்துதானே என்ற தைரியம். சந்தின் நடுவில் கறுப்பாக, பெரிதாக ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அது சண்முகராஜின் வண்டி என்று முடிவு செய்தார். சண்முகராஜ் அடுத்த வீட்டுக்காரர். போளூர்ப் பக்கமிருந்து கேரட்டும் பீன்ஸும் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிறவர். வண்டியைக் கண்ட இடத்தில் நிறுத்துகிறவர்.

மீதியை ஒலியுல்லா சொல்லித்தான் கேட்க வேண்டும். "ஏலே சண்முகராசு, நடக்குற பாதையில நிறுத்தாதன்னு எத்தன தடவ சொல்றதுன்னு பானெட்டுல ஓங்கி ஒரு தட்டுத் தட்டுனேங்க. சூடா இருந்துச்சு. சரி, வண்டி இப்பத்தான் வந்திருக்குன்னு நெனச்சேன். கையில மயிரு மயிரா ஒட்டுச்சு. ஈரச்சாக்கப் போட்டு மூடி வச்சிருக்கான்னு நெனச்சேன். அப்புறம் வண்டி மூச்சு விட்டுச்சு."

அது தலையை ஒரு பக்கமாகத் திருப்பியது, அவ்வளவுதான். கொம்பு சட்டையில் உரசியதில் இவர் சாக்கடைக்குள் இருந்தார். காட்டெருமை தன் வழியே ஏரிப் பக்கமாக இறங்கிப் போய்விட்டது. முழங்காலில் தையல் போட வேண்டி வந்தது. அதே வருடம் பக்கத்துத் தெருவில் ஒரு தோட்டக்காரரைக் காட்டெருமை முட்டி, அவர் பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருந்தார். அதனால் முதல் நாள் யாரும் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து சிரித்தார்கள்.

லேசருக்குப் பெரிய ஆதரவாளர் சண்முகராஜ். அவருடைய அக்கா மகனுக்குச் செய்திருந்தார்கள். "படுத்தான், எந்திரிச்சான், அம்புட்டுத்தான் பாய். மறுநாளு கடிகாரத்துல முள்ளு தெரியுதுங்கிறான். நீங்க என்னடான்னா என் வண்டிக்கும் காட்டுமாட்டுக்கும் வித்தியாசம் தெரியாம நிக்கிறீங்க" என்று தினமும் ஏற்றிவிட்டார்.

மனைவி ஆசியாவுக்கு இதில் விருப்பமில்லை. "ஓட்டல் வச்சிருக்கிற மனுசன் வீட்டுலருந்து டிபன் பாக்ஸு கொண்டுபோற மாதிரி இருக்கு" என்றார். "கண்ணாடிக் கடைக்காரரே கண்ணாடியத் தூக்கிப் போட்டுட்டா, வர்றவங்க எதுக்குங்க ஒங்ககிட்ட வாங்குவாங்க?"

ஒலியுல்லாவுக்குள்ளே இருந்த காரணம் காட்டெருமையைவிடப் பழையது. ஒரு மத்தியானம் கடையில் நான் மட்டும் இருந்தபோது சொன்னார். ஆறாம் வகுப்பில் கண்ணாடி வந்தது. அன்றிலிருந்து பள்ளியில் அவர் பெயர் சோடாபுட்டி. பந்து விளையாட்டில் சேர்க்கமாட்டார்கள். மழை வந்தால் மற்ற பையன்கள் மைதானத்துக்கு ஓடுவார்கள், இவர் கண்ணாடியைக் கையால் மூடிக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடுவார். "இந்த ஊர்ல பொறந்து வளந்துருக்கேன். வருசத்துல பாதி நாளு மழை. ஒரு தடவகூட மழையில மூஞ்சியத் தூக்கி வானத்தப் பாத்ததில்லங்க" என்றார். சொல்லிவிட்டு, தேவையே இல்லாமல் ஒரு ஃபிரேமைத் துடைத்தார்.

தையல் பிரித்த பிறகு மதுரைக்கு இறங்கினார். கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டார்கள், கருவிகளுக்கு முன்னால் தாடையை வைக்கச் சொன்னார்கள், கருவிழியின் கனத்தை அளந்தார்கள், கண்ணில் ஈரம் போதுமா என்று பார்த்தார்கள். பழைய பவர் சீட்டுகளைக் கேட்டார்கள். அதற்கு அவரிடம் பஞ்சமா? எல்லாம் முடிந்ததும் டாக்டர் ஜெயப்பிரியா திரையைத் திருப்பிக் காட்டினார். "கருவிழி நல்ல கனமா இருக்கு. பவர் பல வருஷமா மாறல. வறட்சி இல்ல. கண்ணப் பொறுத்தவரைக்கும் தாராளமா பண்ணலாம்."

அந்த இடத்திலேயே வெளியே வந்து ஆசியாவுக்குப் போன் போட்டு, "பாஸாயிட்டேன்" என்றிருக்கிறார். திரும்பி உள்ளே போனபோதுதான் டாக்டர் அடுத்த கேள்வியைக் கேட்டார். "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"போலீசுகிட்ட மாட்டுன மாதிரி ஆயிருச்சுங்க" என்று இதைச் சொல்லும்போது இன்னமும் நெளிகிறார். "ஆப்டிகல்ஸ்னு மெல்லச் சொன்னேன். அந்தம்மா சிரிச்சு முடிக்கிற வரைக்கும் தரையவே பாத்துக்கிட்டு இருந்தேன்."

சிரித்து முடித்த டாக்டர், சிறிய திருகைப் பார்ப்பது எப்படி, பேப்பர் படிப்பது எப்படி என்று கேட்டார். இவர் வழக்கம்போலக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் காட்டினார். டாக்டர் தலையை ஆட்டினார். "நாப்பது தாண்டிட்டா எல்லாருக்கும் கிட்டப் பாக்க ஒரு கண்ணாடி வேணும். ஒங்களுக்குத் தெரியாததில்ல, நீங்களே விக்கிறீங்க. ஒங்களுக்கு மட்டும் அது தேவைப்படாததுக்குக் காரணமே அந்த மைனஸ்தான். லேசர் பண்ணுனா தூரம் தெரியும். இப்ப வெறுங்கண்ணால பாக்குற இந்தக் கிட்டப் பார்வை போயிரும். போனா திரும்ப வராது. பண்ண முடியுமாங்கிறத நான் சொல்லிட்டேன். வேணுமாங்கிறத நீங்க சொல்லுங்க."

நாற்பது தாண்டியவர்களுக்குப் படிக்கிற கண்ணாடியை அவர் தினமும் விற்கிறார். ஒரு நாளும் அதைத் தன் மூக்கில் வைத்துப் பார்க்கத் தோன்றியதில்லை. டாக்டர் அவர் கண்ணுக்கு ஏற்ற காண்டாக்ட் லென்ஸ் கொடுத்து அனுப்பினார். ஆபரேசன் முடிந்தால் எப்படித் தெரியுமோ அப்படியே தெரியும். கொஞ்ச நாள் இதோடு வாழ்ந்து பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்.

அந்த நாட்களில் ஒலியுல்லாவைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். கண்ணாடி இல்லாத முகம், மூக்கின் இரு பக்கமும் வெளுத்த தழும்பு, ஊரையே புதிதாக விலைக்கு வாங்கியது போன்ற நடை. ஆவி பறக்கும் டீயை முகத்துக்கு நேராகப் பிடித்துக் குடித்தார். தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கும்போது, பக்கத்தில் கழற்றி வைத்த கண்ணாடியை யார் மிதிப்பார்களோ என்ற கவலை இல்லை. முடி வெட்டப் போய்வந்து கடை கடையாகச் சொன்னார்: "இத்தன வருசமா வெட்டி முடிச்சதுக்கப்புறந்தான் கண்ணாடியப் போட்டுப் பாத்திருக்கேன். வெட்டுறப்பப் பாத்ததே இல்ல. அவன் டிவியப் பாத்துக்கிட்டே வெட்டுறாங்க!"

ஒரு சாயங்காலம் மழை பிடித்தது. சுற்றுலா வந்தவர்கள் எல்லாம் கடை ஓரங்களில் ஒண்டினார்கள். ஒலியுல்லா மட்டும் படியிறங்கித் தெருவுக்குப் போனார். லென்ஸில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். அவர் நடுத்தெருவில் நின்று முகத்தை வானத்துக்குத் தூக்கினார். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. வேன்காரர் ஒருவர் ஹாரன் அடித்து விலக்க வேண்டியிருந்தது. நனைந்து திரும்பியவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு, "நிறைய இருக்குங்க மேல" என்று மட்டும் சொன்னார். மழையைச் சொன்னாரா, வானத்தைச் சொன்னாரா தெரியாது.

சிக்கல் கடைக்குள்ளே தொடங்கியது. அவசரமாகப் பஸ் பிடிக்க வேண்டிய ஒரு குடும்பம் உடைந்த கண்ணாடியோடு வந்தது. திருகை எடுத்து வழக்கமான சாண் தூரத்தில் பிடித்தார். விரல் நுனியில் ஒன்றுமே இல்லை. கலங்கலாக ஏதோ ஒரு நிழல். கையை நீட்டிப் பார்த்தார். நிழல் சின்னதாயிற்று. ஷோகேஸிலிருந்து படிக்கிற கண்ணாடி ஒன்றை எடுத்து மாட்டினார். திருகு தெரிந்தது, தலையிலிருந்த பள்ளம் தெரியவில்லை. இன்னும் பவர் கூடின ஒன்றை மாட்டினார். பள்ளம் தெரிந்தது, ஆனால் கை எங்கே இருக்கிறது என்ற கணக்கு தப்பியது. திருகு விழுந்தது. தேடி எடுக்க அந்தக் குடும்பமே மண்டி போட்டது. பஸ் போய்விட்டது.

இதைக்கூட அவர் பழக்கத்தில் சரியாகும் என்று தள்ளியிருப்பார். அந்த வாரக் கடைசியில் சண்முகராஜ் ஓடி வந்தார். கேரட் பெட்டியின் பலகைச் சிராய் ஒன்று உள்ளங்கையில் ஆழமாக ஏறியிருந்தது. அந்தத் தெருவில் யாருக்குச் சிராய் ஏறினாலும், முள் குத்தினாலும், கண்ணில் தூசி விழுந்தாலும் வந்து நிற்பது ஒலியுல்லாவிடம்தான். கண்ணாடியை ஏற்றி, முகத்தைக் காயத்துக்கு அருகே கொண்டுபோய், ஒரே பிடியில் எடுத்துவிடுவார். அன்று சண்முகராஜின் கையைப் பிடித்துக் கிட்டே கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார், விளக்குக்கு நேராகத் திருப்பினார். படிக்கிற கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு இடுக்கியை வைத்தார்.

"பாய், அது என் ரேகை!" என்று அலறினார் சண்முகராஜ்.

"சும்மா இருலே, ஆட்டாத."

"நான் எங்க ஆட்டுறேன்? நீங்கதான் ஊருல இல்லாத எடத்துல குத்துறீங்க! அந்த லென்சக் கழட்டுங்க, வெரசா!"

கழற்றினார். சாண் தூரத்தில் கை பளிச்சென்று வந்து நின்றது. சிராய் வந்துவிட்டது. லேசரைத் தினமும் சிபாரிசு செய்த வாய், உள்ளங்கையை ஊதிக்கொண்டே சொன்னது: "எங்கக்கா மகனுக்கு இருவத்தஞ்சு வயசு பாய். அவன் எவனுக்கும் முள்ளு எடுக்கிறதில்ல."

டாக்டரிடம் போனில் சொன்னார். இன்னொரு வழியும் இருக்கிறது என்றார் அவர். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் விட்டுவிடலாம். சிலருக்கு நன்றாகப் பழகிவிடும். ஒரு லென்ஸை மட்டும் மாட்டி அதையும் பார்த்தார். நாலரைக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் தலை சுற்றியது. "உள்ளுக்குள்ள ரெண்டு பேரு ஒக்காந்துக்கிட்டு, நீ பாரு நான் பாருன்னு சண்ட போடுறாங்க" என்று டீக்கடை பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்துவிட்டார். இடைவெளியைக் குறைத்து வேறு அளவில் முயலலாம் என்றார் டாக்டர். இவருக்கு மனம் வரவில்லை.

வீட்டில் முடிவு தோசைக்கல் பக்கத்தில் பிறந்திருக்கிறது. இரண்டு லென்ஸும் போட்டிருந்த ஒரு காலையில், ஆசியாவின் கன்னத்தில் மாவு ஒட்டியிருப்பதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். துடைத்துவிடலாம் என்று கிட்டே போனால் மாவும் காணோம், கன்னமும் தெளிவாக இல்லை. ஆசியா கரண்டியோடு நின்று கேட்டாராம்: "எங்கேயோ கெடக்குற மலையக் கண்ணாடி இல்லாமப் பாக்கணும், கிட்ட நிக்கிற என்னையப் பாக்க மட்டும் கண்ணாடி போடணும். இதுக்கா மதுரைக்குப் போயிட்டு வந்தீங்க?"

டாக்டருக்கு மறுபடி போன் செய்தார். "கண்ணு தயாருங்க டாக்டர். சோலிதான் ஒத்துக்கல." டாக்டர் சிரிக்காமல், "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்க" என்றாராம். அந்த வார்த்தையை ஒரு சர்டிபிகேட் போல எல்லாரிடமும் சொன்னார். ஆனால் லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டுப் பழைய கண்ணாடியை எடுத்து மாட்டிய நாளில் கடையைத் தாமதமாகத்தான் திறந்தார். யாரிடமும் மூக்கைப் பற்றிப் பேசவில்லை. எதிர்க் கடையிலிருந்து கேட்காமலே டீ வந்தது. கண்ணாடியில் ஆவி படிந்தது; துடைக்காமல் குடித்து முடித்தார்.

இப்போது பெருநாளைக்கும் முடி வெட்டப் போகும் நாளுக்கும் மட்டும் லென்ஸ் வைத்துக்கொள்கிறார். விடியற்காலையில் நிற்கும் எந்த வண்டியையும் தொடுவதற்கு முன், தூரத்திலிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கிறார். பதில் வந்தால்தான் அடுத்த அடி.

சென்ற வாரம் நான் கடையில் இருந்தபோது பேத்துப்பாறையிலிருந்து சுகன்யா வந்தாள். கல்லூரி முடித்தவள், மாவட்ட அணியில் கபடி ஆடுகிறவள். ஆட்டத்துக்கு ஆட்டம் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வருவாள். கடையின் மிக நல்ல வாடிக்கையாளர் அவள்தான் என்று ஒலியுல்லாவே சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை இரண்டு துண்டாக வந்தது. இருப்பதிலேயே உறுதியான ஃபிரேமை எடுத்துக் கையால் வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது தாங்குமா அண்ணே?"

"நீ போன தடவ வந்தப்ப பவர் எவ்வளவு?"

"அதேதான். மூணு வருசமா மூணேகால். மாறவே இல்ல."

"கண்ணு உறுத்துறது, காஞ்சுபோறது?"

"அதெல்லாம் இல்லண்ணே. ஏன்?"

ஒலியுல்லா தெருவைப் பார்த்தார். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை தெரிந்தது. பிறகு கையை நீட்டி, அவள் கையிலிருந்த ஃபிரேமை மெல்ல வாங்கி ஷோகேஸில் இருந்த இடத்திலேயே வைத்துக் கதவைச் சாத்தினார்.

"மதுரையில ஒரு டாக்டரம்மா இருக்காங்க. போயி டெஸ்ட்டு மட்டும் பண்ணிட்டு வா. கபடி ஆடுறேன்னு மொதல்லயே சொல்லிரு, இடி வாங்குற ஆளுகளுக்கு வேற வகை லேசர் இருக்காம். கருவிழி கனம் பத்தலன்னா திரும்பி வா, இந்த ஃபிரேம் இங்கதான் இருக்கும்."

சுகன்யா அவரை நம்பாமல் பார்த்தாள். "அப்ப ஒங்க யாவாரம்?"

அவர் குனிந்து ஷோகேஸின் கீழ் அறையிலிருந்து ஒரு தட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார். வரிசையாகக் கூலிங் கிளாஸ்கள். "ஆபரேசன் முடிஞ்சா வெயிலுக்கு இது ஒண்ணு வேணும்ல" என்று, அவள் மூக்கை ஒரு கணம் உற்றுப் பார்த்து, நடுவிலிருந்த ஒன்றை எடுத்துத் தன் சட்டை நுனியால் துடைக்கத் தொடங்கினார்.